டோ பாரில் சைக்கிள் தாங்கி: வாங்குமுன் பார்க்க வேண்டியவையும் பூட்டும் முறையும்

வாகனத்தின் பின்புறத்தில் டோ பாரோடு (இழுவை வண்டியைக் கொளுவும் இரும்புச் சட்டத்தோடு) இணைத்துச் சைக்கிள்களை ஏற்றிச் செல்லும் தாங்கியொன்றை வாங்க எண்ணுபவர், விலை விசாரிக்கப் புறப்படுமுன், பழைய பாயொன்றை விரித்துத் தமது வாகனத்தின் பின் பம்பருக்கு அடியில் ஒரு தடவை படுத்துப் பார்க்க வேண்டும். தாங்கி எவ்வளவு உறுதியானது என்பதை விற்பவர் சொல்லிவிடுவார்; அது எதைப் பற்றிக்கொண்டு நிற்கப் போகிறது என்பதை அவர் சொல்ல மாட்டார். திருகோணமலையில் நான் பார்த்த தாங்கிக் கோளாறுகளில் பெரும்பாலானவை, தாங்கி வாகனத்தோடு சேரும் இடத்திலேயே தொடங்கியவை.

அடியில் படுத்ததும் தேட வேண்டியது, பம்பருக்குப் பின்னால் குறுக்கே ஓடும் தடித்த இரும்புச் சட்டத்தையும், அதன் இரு முனைகளையும் வாகனத்தின் அடிச்சட்டமான சேசிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளையுமாகும். உண்மையான டோ பாராக இருந்தால், அந்தச் சட்டத்தின் நடுவில் பின்னோக்கித் திறந்த சதுரக் குழலொன்று இருக்கும். இல்லாவிடில் வளைந்த கழுத்தின் நுனியில் இரும்புப் பந்தொன்று இருக்கும். ஜப்பானிலிருந்து வரும் சிறிய கார்களின் பின்னடியில் தெரியும் ஒற்றைக் கொக்கியைச் சிலர் டோ பார் என்று எண்ணிவிடுகிறார்கள். அந்தக் கொக்கி, கப்பலில் வாகனத்தை இறுக்கிக் கட்டுவதற்கும் அவசரத்தில் கயிறு போட்டு இழுப்பதற்கும் வைக்கப்பட்டது; மேலும் கீழும் ஆடும் பாரத்தை நாள் முழுவதும் தாங்குவதற்கு அது செய்யப்படவில்லை.

டோ பார் இல்லாத வாகனத்துக்கு அதைப் புதிதாகப் பூட்டுவதில்தான் ஆசையும் அவசரமும் நம்மை ஏமாற்றுகின்றன. என் மைத்துனரின் காருக்கு ஒரு வெல்டிங் பட்டறையில் சதுரக் குழலொன்றைப் பம்பருக்குள் இருந்த தகட்டில் ஒட்டிக் கொடுத்தார்கள். இரண்டு சைக்கிள்களோடு நிலாவெளி வரை போய் வந்தோம், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் முறையும் ஆகவில்லை. குச்சவெளிக்குப் போன மூன்றாவது பயணத்தில், வேகத்தடையொன்றில் ஏறி இறங்கியபோது 'டக்' என்று ஓர் ஓசை கேட்டது. இறங்கிக் குனிந்து பார்த்தால், ஒட்டின் ஓரமாக மயிரிழை போன்ற வெடிப்பு. அதனுள் புது இரும்பு வெள்ளையாக மின்னியது. அன்று ஒருவர் காரைக் கொண்டுவர, மற்ற இருவரும் சைக்கிள்களை மிதித்துக்கொண்டு வீடு திரும்பினோம். தகடு மெல்லியது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது சற்றே வளைந்து நிமிர்ந்திருக்கிறது. கம்பியை இங்கும் அங்கும் மடக்கினால் முறிவது போலத்தான் அதுவும் முறிந்தது. ஆகவே அந்த வாகன வகைக்கென்றே செய்யப்பட்ட, சேசிஸின் இரு பக்கமும் போல்ட்டால் பூட்டப்படும் டோ பாரையே தேடுங்கள். அது கிடைக்காத வாகனத்துக்கு இந்த வகைத் தாங்கி வேண்டாம் என்பதே என் கருத்து.

அளவும் பாரமும்

சதுரக் குழலின் உள்ளளவு பொதுவாக இரண்டு: ஒன்றேகால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 32 மில்லிமீற்றர், மற்றது 2 அங்குலம், ஏறத்தாழ 51 மில்லிமீற்றர். தாங்கியின் தண்டைக் குழலோடு பூட்ட, சிறியதற்கு அரை அங்குலக் குறுக்காணியும் பெரியதற்கு எட்டில் ஐந்து அங்குலக் குறுக்காணியும் போடப்படும். வெளிவிளிம்பைத் தவிர்த்து உள்ளே அளந்து, குறுக்காணித் துளை குழலின் வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பந்து முனையானால் விட்டத்தைப் பாருங்கள்: 50 மில்லிமீற்றர்ப் பந்துக்கென்று செய்த பிடிப்பை 2 அங்குலப் பந்தில் வலிந்து பூட்டினால், பிடித்தது போலத் தோன்றும், நெம்பு முழுவதும் மூடாது. பெரிய குழலில் சிறிய தாங்கியைப் பூட்டுவதற்கு இடையில் செருகும் உறை கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தலாம், ஆனால் ஆட்டம் கூடும். சிறிய குழலில் பெரிய தாங்கியைப் பூட்ட முயல வேண்டாம். குழலை நீட்டித் தரும் துண்டுகளைப் போட்டால், தாங்கக்கூடிய பாரத்தைப் பாதியாகக் கணக்கிடும்படி அவற்றைச் செய்பவர்களே பெரும்பாலும் சொல்கிறார்கள்.

அமெரிக்க முறையில் முதலாம் வகுப்பு டோ பாரின் கீழ்நோக்கிய பார எல்லை 200 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 90 கிலோ. இரண்டாம் வகுப்பினது 350 இறாத்தல், ஏறத்தாழ 159 கிலோ. சிறிய கார்களுக்கான டோ பார்களில் 50 அல்லது 75 கிலோ என்று பொறித்த தகடுகளும் உண்டு. இவ்வெல்லை, இழுவை வண்டியொன்று டோ பாரின் மேல் நேராக அமர்வதைக் கருத்திற்கொண்டு சொல்லப்பட்டது. சைக்கிள்களோ டோ பாருக்கு அரை மீற்றர் பின்னால் தொங்கிக்கொண்டு, குழியில் விழும்போதெல்லாம் குழலை முறுக்குகின்றன. ஆகவே டோ பாரின் எல்லை, தாங்கியின் எல்லை ஆகிய இரண்டிலும் சிறியதையே கொள்ள வேண்டும். தாங்கியின் சொந்த எடையையும் அதற்குள் சேர்க்க வேண்டும்.

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். தட்டு வகைத் தாங்கி 20 கிலோ, மட்காட், கரியர், ஸ்டாண்ட், சங்கிலி மூடி எல்லாம் உள்ள ஊர்ச் சைக்கிள் 18 கிலோ, கியர் சைக்கிள் 15 கிலோ என்று வைத்தால் மொத்தம் 53 கிலோ. இந்தப் பாரம் பின் அச்சுக்கு ஒரு மீற்றர் பின்னால் இருந்து, முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2.4 மீற்றராக இருந்தால், பின் சில்லுகளின் மேல் விழுவது 53 கிலோவாக இராது. ஏறத்தாழ 75 கிலோவாக இருக்கும். மீதி 22 கிலோ, நெம்புகோலின் மறுமுனை உயர்வது போல, முன் சில்லுகளிலிருந்து கழிந்துவிடுகிறது. சிறிய கார்களில் இழுப்பதும் திருப்புவதும் முன் சில்லுகளே என்பதால், மாரி காலத்து ஈர வீதியில் பிரேக் பிடிக்கும்போது இதன் விளைவு கையில் தெரியும். எல்லை 75 கிலோவென்றால் மூன்றாவது சைக்கிளையும் ஏற்றலாம் என்று கணக்குச் சொல்லும். நான் ஏற்ற மாட்டேன். சைக்கிளின் எடையை ஊகிக்கவும் வேண்டாம்: வீட்டுத் தராசில் நீங்கள் தனியாக ஒரு தடவையும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவையும் நின்று பார்த்தால் போதும்.

அகலத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்களின் சைக்கிளொன்று நுனிக்கு நுனி 1.75 முதல் 1.85 மீற்றர் வரை நீளும். நம் வீதிகளில் நிறைந்திருக்கும் வாகன்ஆர், ஆல்டோ முதலிய ஜப்பானியச் சிறு கார்களின் அகலமோ அந்நாட்டு விதிப்படி 1.48 மீற்றருக்கு மேற்படாது. எனவே இரு பக்கமும் சில்லுகள் முக்கால் சாணளவு வெளியே நீட்டி நிற்கும். ஓட்டுநர் கண்ணாடியில் கண்டால் உண்டு, இல்லாவிட்டால் திருகோணமலைக் கோட்டை வாசலின் கல் அதைக் கண்டுகொள்ளும். கோணேசர் கோயிலுக்குப் போகும் அந்தக் குறுகிய வாசலில் முச்சக்கர வண்டியே ஒதுங்கித்தான் நுழைகிறது.

எந்த வகை?

கொளுவும் வகையில் இரண்டு கைகள் பின்னோக்கி நீண்டிருக்கும். சைக்கிளின் மேற்சட்டத்தை அவற்றில் வைத்துப் பட்டியால் இறுக்குவோம். எடையும் விலையும் குறைவு. ஆனால் பெண்கள் சைக்கிளில் மேற்சட்டமே இல்லை. இருக்கைத் தண்டுக்கும் கைபிடித் தண்டுக்கும் இடையில் பூட்டும் தற்காலிகச் சட்டமொன்றை வாங்க வேண்டிவரும். கார்பன் சட்டமுள்ள சைக்கிளை இவ்வகையில் கொளுவவே கூடாது, ஏனெனில் மேற்குழாய் பக்கவாட்டு நெருக்கத்தைத் தாங்காது.

தட்டு வகையில் சில்லுகள் இரண்டும் தட்டில் அமர, மேலிருந்து ஒரு கை சட்டத்தையோ முன் டயரையோ பிடித்துக்கொள்ளும். புதிதாக வாங்குபவர்களுக்கு நான் இதையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: முன் டயரை அழுத்தும் கை, மட்காட் இல்லாத சைக்கிள்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. நம் ஊர்ச் சைக்கிளில் அதை இழுத்து இறக்கினால், கொக்கி டயரைத் தொடுமுன் மட்காட்டைத் தொடும். நாம் இறுக்க இறுக்கத் தகடு உள்வளைந்து டயரில் உரசும், பயணத்தின் முடிவில் மட்காட்டின் கம்பி கழன்று தொங்கும். மட்காட் உள்ள சைக்கிளுக்குச் சட்டத்தைப் பிடிக்கும் கையுள்ள தட்டே பொருத்தம். கடையில் வெறும் தாங்கியைப் பார்த்து முடிவு செய்யாமல், ஏற்றப் போகும் சைக்கிளையே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

வான் வைத்திருப்பவர்கள் பின்கதவை நினைவில் கொள்ள வேண்டும்: மேல்நோக்கித் திறக்கும் அந்தப் பெரிய கதவு, தாங்கியைச் சாய்க்க முடியாவிட்டால் திறக்காது. பின்னால் திறந்த பெட்டியுள்ள டபிள் கப் வாகனம் வைத்திருப்பவருக்குத் தாங்கியே தேவைதானா என்றும் கேட்டுப் பார்க்கலாம். பின்கதவின் மேல் ஒரு பழைய மெத்தைத் துண்டைப் போட்டு, முன் சில்லை வெளியே தொங்கவிட்டுக் கட்டினால் மூன்று சைக்கிள்கள் போகும். ஆண்டுக்கு ஒரு தடவை மட்டும் போகிறவருக்குப் பட்டா லொறியொன்றின் வாடகை, தாங்கியின் விலையிலும் மிகக் குறைவு.

பூட்டும் முறை

சமதரையில் வாகனத்தை நிறுத்திக் கைப்பிரேக்கைப் போடுங்கள். சதுரக் குழலின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, கறள் இருந்தால் கம்பித் தூரிகையால் உரசி எடுத்து, மெல்லியதாகக் கிறீஸ் பூசுங்கள். தாங்கியின் தண்டை உள்ளே தள்ளி, இரு துளைகளும் நேராகும்போது குறுக்காணியைச் செருகி, அதன் முனைக் கிளிப்பையும் போடுங்கள். ஆணி போட்டவுடன் வேலை முடிந்துவிட்டதென்று பலர் நினைக்கிறார்கள். ஆணி, தாங்கி கழன்று விழாமல் காக்கிறதே தவிர, ஆடாமல் காப்பதில்லை. குழலுக்கும் தண்டுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி இருந்தாலும், ஒரு மீற்றர் உயரத்தில் அது பல மில்லிமீற்றர் ஊசலாட்டமாகும். அந்த ஊசலாட்டம் நாளடைவில் துளையை முட்டை வடிவாக்கும்.

நல்ல தாங்கிகளில் இவ்விடைவெளியை நீக்குவதற்கான ஏற்பாடு உண்டு. ஒன்றில், குறுக்காணியே புரியுள்ள போல்ட்டாக இருந்து, முடுக்கும்போது தண்டை குழலின் ஒரு பக்கச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும். இன்னொன்றில், தண்டின் நுனியிலுள்ள ஆப்பு, வெளியிலுள்ள குமிழைத் திருப்பும்போது குழலின் மூலைக்குள் விரிந்து இறுகும். இரண்டும் இல்லாவிட்டால், குழலையும் தண்டையும் சேர்த்துக் கவ்வும் 'யூ' வடிவப் போல்ட் ஒன்றைத் தனியே வாங்கிப் போடலாம். மரத்துண்டைச் செருகுவது இங்கு வழக்கமாக உள்ளது. முதல் மழையில் ஊதும், அடுத்த வெயிலில் சுருங்கி வீதியில் விழும், ஆகவே அதை நம்ப வேண்டாம்.

முடுக்கிய பின் தாங்கியின் உச்சியை இரு கைகளாலும் பற்றி முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் பலமாக ஆட்டுங்கள். வாகனம் முழுவதும் சேர்ந்து அசைந்தால் சரி. தாங்கி முதலில் அசைந்து, 'கட கட' என்ற சத்தத்துக்குப் பிறகு வாகனம் அசைந்தால் இன்னும் முடுக்க வேண்டும்.

சைக்கிள்களை ஏற்றுவதில் மிகக் கனமானது வாகனத்தை ஒட்டி முதலில் வர வேண்டும். அடுத்தது எதிர்த்திசை நோக்கி நிற்க வேண்டும், இல்லாவிடில் கைபிடிகள் இரண்டும் ஒன்றையொன்று முட்டும். மிதிகட்டைகளை அடுத்த சைக்கிளின் சில்லுக் கம்பிகளுக்குள் போகாதவாறு திருப்பி வையுங்கள். தண்ணீர்ப் போத்தல், காற்றுப் பம்பு, கூடை, கழற்றக்கூடிய விளக்கு எல்லாவற்றையும் உள்ளே எடுங்கள். மின்சைக்கிளானால் பற்றரியைக் கழற்றுங்கள், எடையும் சில கிலோ குறையும். தட்டின் பட்டிகளை இறுக்கிய பின், முன் சில்லைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். காற்றில் அது சுழன்று கைபிடியைத் திருப்பாமலிருக்கும். சட்டங்கள் உரசும் இடங்களில் பழைய டியூப்பை வெட்டிச் சுற்றிவிட்டால் வர்ணம் தப்பும். பட்டிகளின் தொங்கும் நுனிகளை முடிந்து விடுங்கள். வேகத்தில் அவை அடித்து அடித்தே சைக்கிளின் வர்ணத்தை உரித்துவிடும். மழைக்குப் பயந்து முழுவதையும் தறப்பாளால் மூடுவது பெருந்தவறு, அது பாய்மரம் போலக் காற்றைப் பிடித்துத் தாங்கியை இழுக்கும். இருக்கைக்கு மட்டும் ஒரு பை போதும்.

இனி வாகனத்துக்குப் பின்னால் ஐந்தாறு மீற்றர் தள்ளி நின்று பாருங்கள். இலக்கத் தகடும் பிரேக் விளக்கும் திரும்பும் சமிக்ஞை விளக்குகளும் தடையின்றித் தெரிய வேண்டும். தகடு மறைந்தால் பொலிசார் நிறுத்துவார்கள் என்பது ஒருபுறம். பிரேக் விளக்கு மறைந்தால் பின்னால் வரும் பஸ் நிறுத்தாது என்பதே எனக்குப் பெரிய கவலை. தாங்கியின் பின்புறத்தில் பூட்டும் விளக்குப் பலகைகள் உள்ளன. டோ பாரில் ஏழு முனைச் சொருகி இருந்தால் அதிலிருந்தே அவற்றுக்கு மின்சாரம் எடுக்கலாம்.

சைலன்சரின் வாயையும் மறக்க வேண்டாம். இயந்திரத்தைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, சைக்கிளின் டயர் இருக்கும் இடத்தில் புறங்கையைப் பிடியுங்கள். கை பொறுக்காத சூட்டை டயரும் பொறுக்காது. அந்தச் சைக்கிளைத் திருப்பியோ உயர்த்தியோ வைக்க வேண்டும்.

வீதியில்

முதல் பத்துக் கிலோமீற்றருக்குள் ஒரு தடவை நிறுத்திப் பட்டிகளையும் போல்ட்டையும் மறுபடி முடுக்குங்கள், ஏனெனில் புதிதாக இறுக்கியவை எல்லாம் முதல் குலுக்கல்களில் சற்றுத் தளரும். அநுராதபுர வீதியால் போகிறவர்களுக்குக் கன்னியாவும், கண்டி வீதியால் போகிறவர்களுக்குச் சீனக்குடாவும் இதற்கு வசதியான இடங்கள். ஹபரணை வரை போகிறவர்கள் கந்தளாயில் இன்னொரு தடவை நிறுத்திப் பார்க்கட்டும். அதற்கப்பால் யானை குறுக்கிடும் காட்டு வீதி. பட்டி தளர்ந்துவிட்டதென்று அந்தி நேரத்தில் அங்கே இறங்கி நிற்கும் நிலையை நாமே உண்டாக்கிக்கொள்ளக் கூடாது.

வேகத்தடைகளில் ஊர்ந்து ஏறி ஊர்ந்து இறங்குங்கள். வாகனத்தின் நீளம் ஒரு மீற்றர் வரை கூடியிருப்பதால், பின்னால் எடுக்கும்போது யாரேனும் இறங்கி நின்று வழிகாட்டுவதே நல்லது. பின்புறக் கமராவில் சைக்கிள் கம்பிகளைத் தவிர வேறொன்றும் தெரியாது, சென்சர் உள்ள வாகனமானால் அது ஓயாமல் கூவிக்கொண்டிருக்கும். திருகோணமலையின் ஓர்ஸ்ஹில் பக்கத்து வீடுகளில் உள்ளது போன்ற சரிவான வாசல்களில், தாங்கியின் அடி நிலத்தில் உரசுகிறதா என்று வெறும் தாங்கியோடு முதலில் பரீட்சித்துப் பாருங்கள். சாப்பிட நிறுத்தும்போது, தாங்கியை டோ பாரோடும் சைக்கிளைத் தாங்கியோடும் பூட்டுங்கள். மெல்லிய கம்பிவடப் பூட்டு கள்வனைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்காது, ஆகவே கண்ணில் படும் இடத்தில் நிறுத்துவதே மேல்.

உப்புக் காற்று

இது கடலில்லாத ஊர்க்காரருக்கு இல்லாத தொல்லை. கடலை மூன்று பக்கமும் வைத்துக்கொண்டு வாழும் நகரத்தில் இரும்பு சும்மா இருந்தாலே கறள் பிடிக்கும். உப்புவெளிக் கரையோரம் ஒரு நாள் முழுவதும் நின்ற வாகனத்தின் அடியைக் கேட்கவே வேண்டாம். ஒரு வடகீழ்ப் பருவம் முழுவதும், ஐப்பசியிலிருந்து தை வரை, சோம்பலால் தாங்கியைக் கழற்றாமல் விட்டேன். குறுக்காணி குழலோடு ஒன்றாகிப் போயிற்று. மண்ணெண்ணெயை ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் சுத்தியலால் அடித்தபோது ஆணி வரவில்லை, ஆணியின் தலைதான் வந்தது. பிறகு அதைத் துளைத்து எடுக்கக் கொடுத்த கூலிக்குப் பத்து ஆணி வாங்கியிருக்கலாம்.

கடற்கரைப் பயணம் முடிந்த அன்றே தாங்கியைக் கழற்றி, நல்ல தண்ணீரால் கழுவி, நிழலில் உலரவிடுங்கள். குழலின் வாய்க்கு ஒரு பிளாஸ்டிக் மூடி போடுங்கள். சைக்கிளின் சங்கிலியையும் அன்றே கழுவித் துடைத்து எண்ணெயிடுங்கள். வாகனத்தின் பின்னால் தொங்கி வந்ததில் வீதிப் புழுதியும் சேறும் அதில்தான் சேர்ந்திருக்கும். பட்டிகளில் வெயில் பட்டு வெடிப்புத் தெரிந்தால், அறும்வரை காத்திராமல் மாற்றுங்கள். குறுக்காணியைத் துடைத்துக் கிறீஸ் பூசி, திறப்பையும் கிளிப்பையும் சேர்த்து ஒரு பையில் போட்டு, அந்தப் பையைத் தாங்கியிலேயே கட்டிவிடுங்கள்; அடுத்த பயணத்தன்று விடியற்காலையில் வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து அதைத் தேட வேண்டியிராது.